டம்ப் டிரெய்லர் தூக்க மறுக்கிறதா? முதலில் எண்ணெயைப் பாருங்கள்

சரக்கைச் சாய்த்துக் கொட்டும் டம்ப் டிரெய்லரில், சரக்குத் தொட்டி பாதி உயரத்தில் நின்றுவிட்டால் பெரும்பாலானோர் முதலில் செய்வது, எண்ணெய் டேங்க் மூடியைத் திறந்து கைக்குக் கிடைத்த எண்ணெயை ஊற்றுவதுதான். தொட்டி ஏறிவிடும். அன்றைய வேலையும் முடிந்துவிடும். பழுது இருந்த இடத்திலேயே இருக்கும். அதைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய தடயம் மட்டும் அழிந்துபோயிருக்கும். சில வாரங்கள் கழித்துப் பம்ப் அலறத் தொடங்கும்போது, பம்ப் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதியது வாங்குவார்கள். நல்ல பம்புகள் இப்படிப் பழைய இரும்புக்குப் போவதைப் பார்க்க எனக்கு மனம் கேட்பதில்லை.

எஞ்சினில் எண்ணெய் சிறிதளவு எரிந்து குறைவது இயல்பு. தன் அழுத்தத்தால் தொட்டியைத் தூக்கும் ஹைட்ராலிக் எண்ணெய் எரிவதும் இல்லை, செலவாவதும் இல்லை. டேங்கிலிருந்து, தொட்டியைத் தள்ளித் தூக்கும் சிலிண்டருக்குப் போகிறது, சிலிண்டரிலிருந்து டேங்குக்கே திரும்புகிறது. ஆகவே அளவு குறைந்திருந்தால் அது எங்கோ வெளியேறியிருக்கிறது. கூடியிருந்தால் வேறு ஏதோ உள்ளே புகுந்திருக்கிறது, பெரும்பாலும் தண்ணீர். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் அறிகுறிகளில் பாதியை ஸ்பானரைத் தொடாமலே பிரித்தறிந்துவிடலாம்.

நான் பேசுவது 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் மோட்டார், பம்ப், டேங்க் ஆகிய மூன்றும் ஒரே பெட்டிக்குள் அமைந்த டிரெய்லர்களைப் பற்றி. சரக்கு ஏற்றும் பகுதியைத் தொட்டி என்றும், எண்ணெய்க் கலத்தை டேங்க் என்றும் சொல்கிறேன். சிங்கிள் ஆக்டிங் சிலிண்டர் தூக்குவதற்கு மட்டுமே பம்பைப் பயன்படுத்தும். இறங்குவது தொட்டியின் எடையால். டபுள் ஆக்டிங் சிலிண்டரில் இறக்குவதும் பம்பின் வேலை. உங்களுடையது எது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சிலிண்டருக்கு ஒரே ஒரு அழுத்த ஹோஸ் போனால் சிங்கிள், கீழும் மேலுமாக இரண்டு போனால் டபுள். இரண்டாவதாக மெல்லிய குழாய் ஒன்று டேங்குக்கு மட்டும் போனால் அது வெறும் காற்றுவழி; அதை வைத்து ஏமாந்துவிட வேண்டாம்.

கை வைப்பதற்கு முன்

தூக்கிய தொட்டியைச் சிலிண்டர் தாங்கிக்கொள்ளும் என்று நம்பி அதன் அடியில் தலையை நுழைக்காதீர்கள். ஒரு ஹோஸ் வெடித்தால் தொட்டி விழும் வேகத்தில் யாராலும் விலக முடியாது. சரக்கை முழுவதும் இறக்கிவிட்டு, டிரெய்லரோடு வந்த முட்டுச்சட்டத்தை நிறுத்தி, தொட்டியை அதன்மேல் அமர வைத்து, பேட்டரி இணைப்பையும் கழற்றிய பிறகே அடியில் போகலாம். மரக்கட்டை ஒன்றைச் செருகுவது முட்டுக் கொடுத்ததாகாது.

அடுத்தது ஊசித்துளைக் கசிவு. இந்தப் பம்புகள் 200 பார், அதாவது காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தம் தரக்கூடியவை. அந்த அழுத்தத்தில் ஹோஸின் நுண்துளையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கிவிடும். கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஓர் அட்டைத் துண்டை நீளமான குச்சியில் கட்டி ஹோஸ் ஓரமாக நகர்த்துங்கள், ஈரம் பட்ட இடம் காட்டிவிடும். தப்பித் தவறி எண்ணெய் உள்ளே ஏறிவிட்டால், முதலில் முள் குத்தியதுபோல் ஒரு புள்ளி மட்டுமே தெரியும், வலியும் குறைவாக இருக்கலாம். அதை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போய், அழுத்தத்தில் இருந்த எண்ணெய் உடலுக்குள் ஏறிவிட்டது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். இது அறுவை சிகிச்சை தேவைப்படும் அவசரம். தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரும்.

எதையும் ஊற்றுவதற்கு முன் ஒரு கண்ணாடிக் குப்பி

டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். தொட்டி முழுவதும் இறங்கியிருக்க வேண்டும். மூடியைச் சுற்றியுள்ள தூசியைத் துடைத்துவிட்டுத் திறந்து, அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சிறிய கைப்பம்பாலோ குழாயாலோ டேங்கின் அடியிலிருந்து ஒரு குவளை எண்ணெயை உறிஞ்சி, கழுவி உலர்த்திய கண்ணாடிக் குப்பியில் ஊற்றுங்கள். அடியிலிருந்து எடுப்பது முக்கியம். தண்ணீரும் கசடும் அங்கேதான் தங்கும். குப்பியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள், ஓரிரவு அசைக்காமல் வையுங்கள். இத்தனை எளிய சோதனையை ஏன் பலரும் செய்வதில்லை என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

தொட்டி ஓரளவு ஏறி நின்றுவிடுகிறது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது

இதற்கு இரண்டு பொதுவான காரணங்கள் உண்டு. எண்ணெய் போதவில்லை, அல்லது சுமை அதிகமாகி, அழுத்தம் எல்லை மீறாமல் எண்ணெயைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு திறந்துவிட்டது. இரண்டையும் எங்கே நிற்கிறது என்பதை வைத்தே பிரிக்கலாம். தொட்டியின் அடியிலிருந்து தள்ளும் சிலிண்டர், தூக்கத் தொடங்கும் நேரத்தில்தான் மிகச் சாய்வாக நின்று தள்ளுகிறது. அழுத்தமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். சுமை காரணமென்றால் தொடக்கத்திலேயே திணறும், ரிலீஃப் வால்வு வழியாக எண்ணெய் பாயும் கீச்சொலியும் கேட்கும். எண்ணெய் குறைவென்றால் தொட்டி ஒழுங்காக ஏறி, காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் வந்து நிற்கும். மோட்டாரின் ஒலி திடீரென்று லேசாகி, பம்புக்குள் கூழாங்கல் உருள்வதுபோல் சத்தம் வரும். அந்த ஒலி கேட்ட உடனே பொத்தானை விட்டுவிடுங்கள். எண்ணெய்தான் பம்பின் பற்களுக்கு மசகு. உலர்ந்து ஓடும் ஒவ்வொரு நொடியும் தேய்மானம்.

எண்ணெய் எவ்வளவு தேவை என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். உட்புற விட்டம் 10 செ.மீ., நீட்சி 90 செ.மீ. கொண்ட ஒரு சிங்கிள் ஆக்டிங் சிலிண்டர் முழுதாக நீள ஏறத்தாழ 7 லிட்டர் வேண்டும். அப்படி இரண்டு இருந்தால் 14 லிட்டர். இதற்கு மேல், பம்பின் உறிஞ்சுகுழாய் மூழ்கியிருக்க டேங்கில் கொஞ்சம் மீதமும் இருக்க வேண்டும். பழைய பம்ப் பெட்டிக்குப் பதிலாக 12 லிட்டர் டேங்க் உள்ள பெட்டியை மாட்டிவிட்டு, 'புதிய பம்பும் முழுதாகத் தூக்கவில்லை' என்று வருந்துபவர்களுக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. அங்கே எதுவும் பழுதாகவில்லை, டேங்க் போதவில்லை.

அதே அளவுள்ள டபுள் ஆக்டிங் சிலிண்டரில் கணக்கு மாறும். சிலிண்டரிலிருந்து வெளியே நீளும் தண்டான ராடின் விட்டம் 5 செ.மீ. என்றால், கீழ்ப்புறம் 7 லிட்டர் ஏறும்போது மேல்புறத்தில் இருந்த ஐந்தேகால் லிட்டர் டேங்குக்குத் திரும்பிவிடும். டேங்கில் நிகரமாகக் குறைவது ராடின் கன அளவு மட்டும். ஏறத்தாழ ஒன்றேமுக்கால் லிட்டர். அதனால்தான் டபுள் ஆக்டிங் டிரெய்லர்கள் சிறிய டேங்கோடு சமாளிக்கின்றன.

நிரப்புவது எப்போதும் தொட்டி முழுவதும் இறங்கிய நிலையில்தான். டேங்கில் குறிக்கோடு இல்லாவிட்டால் மேல்விளிம்புக்கு 2 அல்லது 3 செ.மீ. கீழே நிறுத்துங்கள். நிரப்பிய பிறகு அளவைக் குறித்துத் தேதி எழுதி வையுங்கள். அடுத்த மாதம் மறுபடி குறைந்திருந்தால் கசிவைத் தேட வேண்டும்.

சுமைதான் காரணமென்றால், ரிலீஃப் வால்வின் திருகைக் கூடுதலாக முறுக்கி வழிசெய்யப் பார்க்காதீர்கள். அது ஹோஸையும் சிலிண்டரையும் சட்டத்தையும் காக்க வைத்த எல்லை. முன்பகுதியில் குவிந்த சரக்கைப் பின்னுக்குத் தள்ளுங்கள், இல்லையேல் குறைத்து ஏற்றுங்கள்.

மோட்டாரே மெல்லச் சுற்றித் திணறினால் எண்ணெயை விட்டுவிட்டு மின்சாரத்தைப் பாருங்கள். முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். தூக்கும்போது மோட்டாரின் முனையிலேயே அளந்து, அது 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால் பேட்டரியையோ கேபிளையோ துருப்பிடித்த முனைகளையோ சந்தேகியுங்கள். மோட்டார் திணறினால் மின்சாரம் அல்லது கெட்டியான எண்ணெய். மோட்டார் சுகமாக ஓடியும் தொட்டி நகராவிட்டால் எண்ணெய்ச் சுற்று. இந்த ஒரு பிரிவினை நிறைய அலைச்சலை மிச்சப்படுத்தும்.

எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கிறது

குப்பிச் சோதனை தன் மதிப்பைக் காட்டும் இடம் இது. எண்ணெய் வெளுக்க இரண்டு காரணங்கள்: காற்று, தண்ணீர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். குப்பியை அசைக்காமல் வையுங்கள். காற்று என்றால் குமிழிகள் மேலே ஏறிவிடும். அடியிலிருந்து தெளியத் தொடங்கி, சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தெளிந்துவிடும். தண்ணீர் என்றால் மணிக்கணக்கில் அப்படியே கலங்கி நிற்கும். தண்ணீர் நிறைய இருந்தால் மறுநாள் காலையில் அடியில் தனி அடுக்காகத் தெரியும், ஏனென்றால் கனிம எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது.

சிறிதளவு தண்ணீரா என்று ஐயம் இருந்தால், நீர் கொதிநிலைக்கு மேல் சூடேறிய இரும்புத் தகட்டில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும், இல்லாவிட்டால் அமைதியாகப் பரவும். கண்ணாடி அணிந்துகொண்டு, திறந்த வெளியில், நெருப்புக்கு அருகில் வைக்காமல் செய்யுங்கள், சொட்டு தெறிக்கும்.

தண்ணீர் எப்படி வந்தது? மழையில் நனையும் காற்றுமூடி (டேங்குக்குக் காற்று போய்வரத் துளையுள்ள மூடி), விரிசல் விட்ட மூடி, உயரழுத்த நீரால் பம்ப் பெட்டிக்குள் பீய்ச்சிக் கழுவிய பழக்கம், ராடில் துரு ஏறி அரித்த ஆயில் சீல், இவைதான் வழக்கமான வாசல்கள். பாதி எண்ணெயோடு மாதக்கணக்கில் நிற்கும் டிரெய்லரில் பகல் வெப்பமும் இரவுக் குளிரும் மாறி மாறி டேங்கின் உட்சுவரில் ஈரத்தைப் படியவைக்கும். அது கொஞ்சம்தான், ஆனால் சேர்ந்துகொண்டே போகும்.

தண்ணீர் கலந்த எண்ணெயை அப்படியே ஓட்டினால் பம்பும் வால்வுகளும் துருப்பிடிக்கும். உறைபனி விழும் இடங்களில் வால்வுக்குள் பனிக்கட்டி கட்டி அடைத்துக்கொள்ளும். தெளிய வைத்து மறுபடி ஊற்றுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். முழுவதும் மாற்றுங்கள். மாற்றும் முறையைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் டேங்கை மட்டும் காலிசெய்வது போதாது.

நுரைக்கிறது, மூடி வழியாகப் பொங்கி வழிகிறது

முதலில் எளிய காரணத்தை விலக்குங்கள்: தொட்டி தூக்கிய நிலையில் யாராவது டேங்கை நிரப்பினார்களா? அப்படியென்றால் சிலிண்டரில் இருந்த அத்தனை லிட்டரும் இறங்கும்போது டேங்குக்கே வரும், இடமில்லாமல் மூடி வழியே பீறிடும். கூடுதலை உறிஞ்சி எடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

அளவு சரியாக இருந்தும் நுரைத்தால், பம்ப் எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அதனால் அங்கே விரிசல் இருந்தால் எண்ணெய் வெளியே வராது, காற்று உள்ளே போகும். வெளியில் ஈரமே இல்லாத கசிவு இது. தேடுபவர்களைப் பெரிதும் அலைக்கழிக்கும். டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சுகுழாயின் இணைப்பு, அதன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), பம்பின் தண்டுச் சீல், மூன்றையும் பாருங்கள். டேங்கைக் கழற்றியபோது உறிஞ்சுகுழாய் தளர்ந்து ஆடுவதைப் பார்த்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. திரும்பிவரும் குழாய் எண்ணெய் மட்டத்துக்கு மேலே முடிந்து அருவிபோல் கொட்டினாலும் நுரைக்கும். அதன் முனை எண்ணெய்க்குள் மூழ்கியிருக்க வேண்டும்.

தவறான எண்ணெயும் நுரைக்கும். எஞ்சின் எண்ணெயில் அழுக்கைக் கரைத்து வைத்திருக்கும் சேர்மங்கள் உண்டு. அவை தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். எஞ்சினுக்கு அது நன்மை, இங்கே தொல்லை.

பம்ப் அலறுகிறது

டேங்கில் எண்ணெய் நிறைய இருந்தும் பம்ப் இடைவிடாமல் கூரிய ஒலியில் அலறினால், எண்ணெய் பம்பை எட்டவில்லை. உறிஞ்சுமுனையின் சல்லடை அடைத்திருக்கலாம். அல்லது எண்ணெய் கெட்டியாகியிருக்கலாம். இவற்றைவிட எளிதான, ஆனால் அடிக்கடி கவனிக்கத் தவறும் காரணம் ஒன்று உண்டு: டேங்குக்குக் காற்று வர வழியில்லை.

புதிய பம்ப் பெட்டிகள் வழியில் எண்ணெய் சிந்தாமலிருக்கத் துளையே இல்லாத முழுமூடியோடு வரும். மாட்டும்போது அதைக் கழற்றிவிட்டுக் காற்றுமூடியைப் போட வேண்டும். மறந்துவிட்டால், எண்ணெய் வெளியேற வெளியேற டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகும். பிளாஸ்டிக் டேங்காக இருந்தால் பக்கங்கள் உள்ளே ஒட்டிப்போவது கண்ணுக்கே தெரியும். ஒரு முறை இரண்டாவது பம்ப் மாற்றியும் அலறல் நிற்காத டிரெய்லர் ஒன்றைப் பார்க்க என்னை அழைத்தார்கள். டேங்கின் இடுப்பு ஒடுங்கியிருந்தது. மூடியை அரைச்சுற்றுத் தளர்த்தினேன். காற்று உள்ளே பாய்ந்தது, அலறல் நின்றது. அந்த இரண்டு பம்புகளிலும் குறை எதுவும் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

சோதனையும் அதுவே: தொட்டி காலியாக இருக்கும்போது மூடியைத் தளர்த்தி வைத்துத் தூக்கிப் பாருங்கள். ஒலி மாறினால் காற்றுவழி அடைப்பு. பழைய காற்றுமூடியிலும் சேறும் தூசியும் படிந்து இதே நிலை வரும். கழுவி உலர்த்துங்கள், அல்லது மாற்றிவிடுங்கள்.

குளிர்ந்த காலையில் மட்டும் மந்தம்

பிற்பகலில் நன்றாக ஓடும் டிரெய்லர் விடியற்காலையில் ஊர்ந்தால், எண்ணெயின் கிரேடைப் பாருங்கள். ஏ.டபிள்யூ. (தேய்மானத் தடுப்பு) வகை ஹைட்ராலிக் எண்ணெயில் 32, 46 என்ற எண்கள் 40 டிகிரி செல்சியஸில் அந்த எண்ணெயின் பாகுத்தன்மையைச் சொல்கின்றன. வெப்பம் 0 டிகிரிக்கு இறங்கினால் வழக்கமான கனிம எண்ணெயின் பாகுத்தன்மை ஏறத்தாழ 10 மடங்காகிவிடும். அதே குளிர் பேட்டரியின் திறனையும் குறைப்பதால் அடி இரு பக்கமும் விழுகிறது. கடுங்குளிர் இடங்களில் 46-இலிருந்து 32-க்கோ, தயாரிப்பாளர் அனுமதித்தால் அதைவிட மெல்லிய கிரேடுக்கோ மாறலாம். தானியங்கி கியர்பெட்டிக்கான ஏ.டி.எஃப். எண்ணெயைப் பல பம்ப் தயாரிப்பாளர்கள் ஏற்கிறார்கள். அது 40 டிகிரியில் ஏறத்தாழ 32 கிரேடுக்குச் சமம், குளிரிலோ அதைவிட எளிதாக ஓடும். வெப்ப நாடுகளில் இதற்கு மாறாக, மெல்லிய எண்ணெய் சூட்டில் மேலும் நீர்த்துப் பம்புக்குள்ளேயே நழுவிவிடும். அங்கே 46 பொருந்தும். கையேட்டில் உள்ள கிரேடே முதல் சொல்.

பிரேக் எண்ணெயை மட்டும் ஒருபோதும் ஊற்றாதீர்கள். வழக்கமான பிரேக் எண்ணெய் கிளைகால் வகையைச் சேர்ந்தது. கனிம எண்ணெய்க்காகச் செய்த சீல்களைக் கெடுத்துவிடும். யாராவது ஊற்றிவிட்டார்கள் என்று தெரிந்தால் மோட்டாரை ஓட்டாமல் அப்படியே வடித்துவிடுங்கள். ஓடியிருந்தால் முழுச் சுற்றையும் கழுவி, சீல்களையும் மாற்ற வேண்டிவரும்.

உதறி உதறி ஏறுகிறது

ஹோஸோ சிலிண்டரோ மாற்றிய பிறகு இப்படி இருந்தால் சுற்றுக்குள் காற்று தங்கியிருக்கிறது. எண்ணெய் சுருங்காது, காற்று சுருங்கும். அந்த வேறுபாடுதான் உதறலாகத் தெரிகிறது. தொட்டி காலியாக இருக்க, மெல்ல முழுதாக ஏற்றி இறக்கி, நான்கைந்து முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறை இறக்கிய பிறகும் சில நிமிடங்கள் விட்டு, டேங்கில் நுரை அடங்கியதும் அளவைச் சரிபாருங்கள். சிலிண்டரில் காற்றுத் திருகு இருந்தால் தயாரிப்பாளர் சொன்னபடி அதைப் பயன்படுத்துங்கள். சுமை தாங்கி நிற்கும் ஹோஸின் இணைப்பைத் தளர்த்திக் காற்றை விட முயலவே கூடாது.

அடுக்கடுக்காக நீளும் சிலிண்டரில் ஓர் அடுக்கு முடிந்து அடுத்தது தொடங்கும்போது சிறு குலுங்கல் வருவதும், மேலே போகப்போக வேகம் கூடுவதும் இயல்பு. அது பழுதில்லை.

தூக்கிய தொட்டி தானாக இறங்குகிறது

சிங்கிள் ஆக்டிங் சிலிண்டரில் தர்க்கம் மிகத் தெளிவு. வெளியே எங்கும் ஒரு சொட்டும் சிந்தாமல் தொட்டி இறங்கினால், அந்த எண்ணெய் டேங்குக்குத்தான் திரும்பியிருக்க வேண்டும். காற்றுவழிக் குழாய் டேங்குக்குப் போகாத சிலிண்டரில் அதற்கு இரண்டே வழிகள்: இறக்கும் வால்வு, எண்ணெயை ஒரே திசையில் மட்டும் விடும், பம்புக்கு அடுத்துள்ள செக் வால்வு. இரண்டில் ஒன்றின் இருக்கையில், அதாவது வால்வு அமர்ந்து மூடும் இடத்தில், ஏதோ துகள் சிக்கியிருக்கிறது. பெரும்பாலும் அது இறக்கும் வால்வாகவே இருக்கும்.

முதலில் காலித் தொட்டியைச் சில முறை ஏற்றி வேகமாக இறக்கிப் பாருங்கள். பாயும் எண்ணெயே சில நேரம் துகளை அடித்துக்கொண்டு போய்விடும். சரியாகாவிட்டால் தொட்டியை முழுவதும் இறக்கி, இறக்கும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மீதி அழுத்தத்தையும் போக்கிய பிறகு வால்வைக் கழற்றுங்கள். சுத்தமான கரைப்பானில் அலசி, மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் உட்பகுதியை அசைத்துப் பார்த்து, ஓ-ரிங்குகள் கிழிந்திருந்தால் மாற்றி, எண்ணெய் தடவிப் போடுங்கள். கம்பியால் குத்தினால் இருக்கை கீறிவிடும்.

வால்வில் வெள்ளை நூல்போல் ஏதாவது சிக்கியிருந்தால் அது குழாய் இணைப்பில் சுற்றிய டெஃப்லான் டேப்பின் துணுக்கு. ஹைட்ராலிக் இணைப்புகளில் அதைச் சுற்றக் கூடாது. கூம்பு முகமும் ஓ-ரிங்கும் உள்ள இணைப்புகளுக்கு எதுவும் தேவையில்லை. சரிவு மரை கொண்டவற்றுக்குப் பசை வடிவ ஹைட்ராலிக் சீலன்ட் போதும்.

சில சிங்கிள் ஆக்டிங் சிலிண்டர்களில் ராடு பக்கத்தில் சிறிய காற்றுத் துளை இருக்கும். அங்கிருந்தோ, டேங்குக்குப் போகும் காற்றுவழிக் குழாயிலோ எண்ணெய் வந்தால் பிஸ்டன் சீல் கசிகிறது. வால்வைக் கழுவுவதால் பயனில்லை, சிலிண்டரைத்தான் பிரிக்க வேண்டும்.

இறங்க மறுக்கிறது

இது பெரும்பாலும் எண்ணெய்க் கோளாறாக இருப்பதில்லை. இறக்கும் பொத்தானை அழுத்தும்போது வால்வு காயிலின் (வால்வைத் திறக்கும் மின்காந்தச் சுருளின்) நட்டருகே ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பிடியுங்கள். காந்தம் இழுத்தால் மின்சாரம் வருகிறது, வால்வு சிக்கியிருக்கிறது. இழுக்காவிட்டால் ஒயரையும் இணைப்பையும் காயிலையும் பாருங்கள். பல வால்வுகளில் கையால் திறக்கும் குமிழ் உண்டு. தொட்டியின் பாதையிலிருந்து விலகி நின்று, யாரும் அருகில் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு இயக்குங்கள். மடங்கிய ஹோஸும், உட்சுவர் பிய்ந்து மடல்போல் அடைத்துக்கொண்ட பழைய ஹோஸும் இதே அறிகுறியைத் தரும். ஏறும்போது எண்ணெய் அந்த மடலைத் தள்ளித் திறந்துவிடும், திரும்பும்போது மடல் மூடிக்கொள்ளும்.

கருத்து, தீய்ந்த வாசனை வருகிறது

எண்ணெய் சூட்டில் வெந்திருக்கிறது. தொட்டி உச்சிக்குப் போன பிறகும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் பம்பின் ஆற்றல் முழுவதும் ரிலீஃப் வால்வில் வெப்பமாக மாறும். 82 டிகிரி செல்சியஸுக்கு மேல் எண்ணெயும் சீல்களும் வேகமாகக் கெடும். இந்தச் சிறிய பம்ப் பெட்டிகள் இடைவெளி விட்டு ஓடுவதற்காகவே செய்யப்பட்டவை. அடுத்தடுத்துப் பல முறை கொட்டும் வேலையில் நடுவே ஓய்வு கொடுங்கள். எண்ணெய் கருத்திருந்தும் தீய்ந்த வாசனை இல்லை, குப்பியின் அடியில் மினுமினுக்கும் துகள்கள் தங்குகின்றன என்றால் பம்ப் தேய்கிறது. பம்பை மாற்றலாம் என்று நான் தயங்காமல் சொல்வது அப்போதுதான்.

முழுவதும் மாற்றுவது

சிங்கிள் ஆக்டிங் டிரெய்லரில் வேலை எளிது. தொட்டி இறங்கியிருக்கும்போது எண்ணெயில் பெரும்பகுதி டேங்கில்தான் இருக்கும். வடித்து, டேங்கைக் கழற்றி, அடியில் ஒட்டிய கசடை நூல் உதிராத துணியால் துடைத்து, சல்லடையைக் கழுவிப் பூட்டி, புதிய எண்ணெயை நிரப்புங்கள். சில நாள் ஓடிய பிறகு குப்பியில் மறுபடி பாருங்கள். கலங்கல் மீதமிருந்தால் இன்னொரு முறை மாற்ற வேண்டும்.

டபுள் ஆக்டிங்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தொட்டி இறங்கியிருக்கும்போதும் சிலிண்டரின் ராடு பக்கம் நிறைய எண்ணெய் இருக்கும். முன்பு போட்ட கணக்கின்படி ஒரு சிலிண்டரில் மட்டும் ஐந்தேகால் லிட்டர். டேங்கை மட்டும் மாற்றினால் அந்தப் பழைய எண்ணெய் முதல் இயக்கத்திலேயே புதியதோடு கலந்துவிடும். காலித் தொட்டியை முழுவதும் இறக்குங்கள். ஏற்றும் பொத்தானை ஒரு கணம் தட்டி, ராடு பக்கத்தில் தேங்கிய அழுத்தத்தைப் போக்குங்கள். டேங்கை வடித்துத் துடைத்துப் புதிய எண்ணெய் நிரப்புங்கள். பிறகு ராடு பக்க ஹோஸைப் பம்ப் முனையில், துணி சுற்றி மெல்லத் தளர்த்திக் கழற்றி, பம்பின் அந்தத் துளையை உரிய உலோக மூடியால் அடைத்து, ஹோஸ் முனையை ஒரு பெரிய வாளிக்குள் கட்டிவையுங்கள். ஒருவர் ஏற்றும் பொத்தானை விட்டு விட்டு அழுத்த, இன்னொருவர் டேங்கின் அளவைக் கவனிக்க வேண்டும். இப்போது எதுவும் டேங்குக்குத் திரும்பாது என்பதால், ஒரு சிலிண்டருக்கு 7 லிட்டரும் டேங்கிலிருந்தே போகும். இடையிடையே நிறுத்தி ஊற்றுங்கள். இறக்கும் பொத்தானை இந்த நேரத்தில் யாரும் தொடக் கூடாது. தொட்டி உச்சிக்கு வந்ததும் முட்டுச்சட்டத்தை நிறுத்தி, ஹோஸை மறுபடி பூட்டி, முட்டை எடுத்துவிட்டுப் பம்பால் இறக்குங்கள். ராடு பக்கம் புதிய எண்ணெயால் நிறையும். நடுவே ஊற்றிய எண்ணெயும் சேர்ந்து திரும்புவதால், இறங்கும்போதும் டேங்கைக் கவனித்து, கூடுதலை உறிஞ்சி எடுங்கள். கீழ்ப்புறத்தில் தொடக்கத்தில் தங்கியிருந்த சிறிதளவு பழைய எண்ணெய் மட்டும் கலந்திருக்கும், அதனால் கெடுதல் இல்லை.

வடித்ததை மூடியுள்ள கேனில் சேர்த்து, கழிவு எண்ணெய் பெறும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றக் கூடாது. டேங்கின் பக்கத்தில் ஊற்றிய எண்ணெயின் கிரேடையும் தேதியையும் அழியாத மையால் எழுதி வையுங்கள், அடுத்து அந்த மூடியைத் திறப்பவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.